சீரியஸ் என்று ஒரு டிரங்கு கால்

எங்கள் குடும்ப வாட்ஸ்அப் குழுவில் யாராவது காலமாகிவிட்டதாகச் செய்தி வந்தால், நான் உடனே கைகூப்பும் படத்தைப் போடுவதில்லை. முதலில் போன் போட்டுக் கேட்பேன். யார் சொன்னது, நீ அந்த வீட்டில் யாரிடமாவது பேசினாயா, யார் எழுதியதை நீ எடுத்துப் போட்டாய் என்று நான் கேட்டு முடிப்பதற்குள் பிள்ளைகள் சலித்துவிடுவார்கள். பெரியம்மா போலீஸ் ஸ்டேஷனில் வேலைக்குப் போயிருக்க வேண்டியவர் என்று தங்கை மகள் ஒருமுறை எழுதினாள். எழுதட்டும்.

போன மாதம் எங்கள் உறவில் பழைய தமிழாசிரியர் ஒருவர் மறைந்துவிட்டார் என்று ஒருவன் போட்டான். வரிசையாகக் கைகள் கூப்பின. பூமாலை, விளக்கு, அழுகிற முகம் எல்லாம் வந்து சேர்ந்தன. அந்த ஆசிரியரும் அதே குழுவில் இருக்கிறார் என்பதை எல்லோரும் மறந்துபோனார்கள். சாயங்காலம் அவரே, "இன்னும் இல்லை. அன்புக்கு நன்றி" என்று எழுதினார். அதற்குப் பிறகு இரண்டு நாள் குழுவில் ஒரு சத்தம் இல்லை.

தம்பி மகன் எனக்கு மின்னஞ்சல் திறந்துகொடுத்த காலத்திலிருந்தே நான் இப்படித்தான். 'மிக அவசரம், உடனே பத்துப் பேருக்கு அனுப்பவும்' என்று வருவதை எல்லாம் அனுப்பாமல் விட்டுவிடுவேன். அனுப்பாததால் எனக்கு இதுவரை எந்தக் கேடும் வரவில்லை. கடவுச்சொல்லைக் கேட்டு எழுதியவனிடம், நீ யார், எந்த ஊர், உன் வீட்டில் பெரியவர்கள் யாரும் இல்லையா என்று திருப்பி எழுதினேன். அதற்கெல்லாம் பதில் எழுதக் கூடாதாம். தம்பி மகன் தலையில் அடித்துக்கொண்டான். கேட்காமல் எப்படி இருப்பது? இந்தக் குணம் கணினியால் வந்ததல்ல. மலாக்காவில், காஜா பெராங்கில் நான் வாழ்க்கைப்பட்ட வீட்டுக் கூடத்தில் கறுப்பாக உட்கார்ந்திருந்த ஒரு டெலிபோனால் வந்தது.

மெர்டேக்கா என்று மலாயாவின் சுதந்திரக் கொடி ஏறி ஒரு வருஷம்கூட ஆகாத சமயம் அது. மாமியார் இல்லாத வீட்டுக்கு நான் மருமகளாக வந்து கொஞ்ச நாள்தான் ஆகியிருந்தது. மாமனாரிடம் இரண்டு லோரிகள் இருந்தன. மணல், செங்கல், பலகை, கல்யாண வீட்டுப் பந்தல் சாமான் என்று எது கிடைத்தாலும் ஏற்றுவார். ஒன்றை என் கணவர் ஓட்டினார், இன்னொன்றுக்கு ஆள் வைத்திருந்தார்கள். லோரி வேண்டும் என்று ஆட்கள் கூப்பிடுவதற்காக வாங்கிய போன்தான். ஆனால் எங்கள் வரிசையில் தமிழர் வீடுகளில் அது ஒன்றுதான் என்பதால், அத்தனை வீட்டுக்காரர்களும் அந்த எண்ணைத் தங்கள் எண்ணாகவே ஊரெல்லாம் கொடுத்து வைத்திருந்தார்கள்.

மாமனார் அதற்கு முகம் சுளிக்கவே மாட்டார். சுளிப்பதா? அவருக்கு அதுதான் சந்தோஷம். போன் இருந்த மேசைக்குப் பக்கத்தில் சாய்வு நாற்காலியைப் போட்டுக்கொண்டு, தோளில் துண்டோடு நாள் முழுவதும் அங்கேதான் இருப்பார். ரிசீவரை எடுக்க மாட்டார், அதைக் கண்டால் அவருக்குக் கொஞ்சம் பயம். நான்தான் எடுப்பேன். எடுத்தவர் மறுமுனையில் சொல்வதை ஒவ்வொரு வாக்கியமாக உரக்கத் திருப்பிச் சொல்ல வேண்டும் என்பது அவர் போட்ட சட்டம். அவர் அதைக் கேட்டு, வாசலில் நிற்பவர்களுக்கு இன்னும் உரக்கச் சொல்வார். போன் வந்தால் வாசலில் யாராவது நிற்காமல் இருக்க மாட்டார்கள்.

பேச வந்தவர்களுக்கும் அதே கதிதான். தோட்டத்தில் வேலை பார்க்கும் புருஷனோடு பேச எதிர் வரிசையிலிருந்து ஒரு இளம்பெண் வருவாள். பேச்சு பாதியில் நின்றுவிடும். சுற்றி நிற்கிறவர்கள், "சாப்பிட்டாரான்னு கேளு, காய்ச்சல் விட்டுச்சான்னு கேளு" என்று எடுத்துக்கொடுப்பார்கள். எல்லோருக்கும் அவள் மேல் உண்மையிலேயே பிரியம் உண்டு. அதில் சந்தேகம் இல்லை. ஆனால் அவள் ரிசீவரை வைத்துவிட்டு யார் முகத்தையும் பார்க்காமல் வெளியே போகும்போது எனக்குத்தான் கூசும். மாமனாரிடம் ஒருமுறை ஜாடையாகச் சொன்னேன். நம்ம வீட்டுப் பிள்ளை பேசுவதை நாம் கேட்டால் என்ன என்றார். அவருக்குப் புரியவில்லை.

உரக்கப் பேசுவதால் வரும் வினையும் அந்த வீட்டில் ஒருமுறை நடந்தது. முன்பின் தெரியாத ஒரு குரல் கூப்பிட்டு, நாளைக்கு லோரி கிடைக்குமா என்று கேட்டது. நாளைக்கு நாங்கள் எல்லோரும் உஜோங் பாசிரில் ஒரு விசேஷத்துக்குப் போகிறோம், லோரியும் அங்கேதான், திரும்ப இருட்டிவிடும் என்று மாமனார் நாற்காலியிலிருந்தே சொல்லச் சொன்னார். நானும் புதுசு, சொல்லிவிட்டேன். மறுநாள் திரும்பி வந்தபோது பின்கட்டுக் கதவு திறந்து கிடந்தது. பித்தளை அண்டா, குத்துவிளக்கு, மாமனாரின் புது வேட்டி எல்லாம் போயிருந்தன. அன்றிலிருந்து யார் பேசினாலும் முதலில், "யார் பேசறது, எங்கேருந்து பேசறீங்க" என்று கேட்காமல் நான் அடுத்த வார்த்தை பேசியதில்லை. எங்கள் வீட்டில் போன் எடுக்கிற பெண் மிடுக்குக்காரி என்று பெயர் வந்தது. வேட்டி போனதைவிட அதுதான் மாமனாருக்கு வருத்தம்.

இனி அந்தக் கல்யாண விஷயம். எங்கள் வீட்டிலிருந்து மூன்றாவது வீட்டில், நகராண்மைக் கழகத்தில் கூலியாட்களை மேய்க்கும் மண்டோர் ஒருவர் இருந்தார். அவருடைய அக்காள் மகளை அவர்தான் வளர்த்தார். தாய் இல்லாத பெண். தகப்பனார் சிங்கப்பூர் துறைமுகத்தில் மூட்டை ஏற்றி இறக்கும் வேலையில் இருந்தார். வருஷத்துக்கு ஒருமுறை வந்து மகளைப் பார்த்துவிட்டுப் போவார். வரும்போதெல்லாம் எங்கள் வாசலில் நின்று, டெலிபோன் நன்றாக இருக்கிறதா என்று ஒரு ஆளை விசாரிப்பது போல விசாரிப்பார். அந்தப் பெண்ணுக்குக் கிளேபாங்கில் ஒரு நல்ல இடம் அமைந்தது. வெள்ளிக்கிழமை முகூர்த்தம். புதன்கிழமை தகப்பனார் வந்து சேருவதாக ஏற்பாடு.

செவ்வாய்க்கிழமை மத்தியானம் போன் மணி அடித்தது. எக்ஸ்சேஞ்ச் பெண், சிங்கப்பூரிலிருந்து டிரங்கு கால் என்றாள். ஒரே இரைச்சல். யார் பேசறது, எங்கேருந்து என்று கேட்டேன். அந்தப் பெண்ணின் தகப்பனாருடைய கூட்டாளி என்று சொன்னார். பிறகு அவர் சொன்னது ஒரு வாக்கியம்தான். "அவரு பெரிய ஆஸ்பத்திரியில இருக்காரு, ரொம்ப சீரியஸ், யாராவது ஒடனே வரணும்." வழக்கப்படி நான் அதை உரக்கத் திருப்பிச் சொன்னேன். என்ன உடம்புக்கு என்று நான் கேட்பதற்குள் இரைச்சல் அதிகமாகி லைன் அறுந்துவிட்டது.

திரும்பிப் பார்த்தால் மாமனார் நாற்காலியிலிருந்து எழுந்து நின்றுகொண்டிருந்தார். தோளில் கிடந்த துண்டு கைக்கு வந்திருந்தது. "போயிட்டாரா," என்றார்.

தமிழ் வாசகருக்கு நான் இதை விளக்க வேண்டியதில்லை. அந்தக் காலத்தில் சாவுச் செய்தியை யாரும் சாவு என்று சொல்லி அனுப்ப மாட்டார்கள். கேட்பவர் பாதி வழியில் விழுந்துவிடக் கூடாதே என்ற இரக்கத்தில், சீரியஸ், உடனே புறப்படு என்று தந்தி கொடுப்பார்கள். தந்தியைப் பிரித்தவுடன் வீட்டில் ஒப்பாரி எழும். இப்படியே பழகிப் பழகி, சீரியஸ் என்ற சொல்லுக்கு எங்கள் ஆட்களிடம் ஒரே அர்த்தம்தான் மிச்சம் இருந்தது. அதனால் உண்மையிலேயே ஒருவர் சீரியஸாகப் படுத்துவிட்டால் அதைச் சொல்வதற்கு எங்களிடம் வார்த்தையே இல்லை.

இல்லை மாமா, ஆஸ்பத்திரியில் இருப்பதாகத்தான் சொன்னார் என்றேன். அப்படித்தான்மா சொல்வாங்க என்றார் அவர், என்னைச் சின்னப் பிள்ளையாகப் பார்த்து. அதற்குள் வாசலில் நின்றவர்கள் கலைந்து போயிருந்தார்கள். சும்மா போகவில்லை, செய்தியோடு போனார்கள். சைக்கிளில் ரொட்டி விற்கும் பாய் அந்த நேரம் பார்த்து வந்தார். அவர் எங்களிடமிருந்து செமாபோக், அங்கிருந்து எங்கெங்கோ சுற்றிவிட்டுச் சாயங்காலம் திரும்பும்போது, துறைமுகத்தில் பாரம் தூக்கும் சங்கிலி அறுந்து விழுந்தது, தலையில் அடி, சவக்கிடங்கில் வைத்திருக்கிறார்கள் என்று கண், காது, மூக்கு எல்லாம் வைத்து என்னிடமே வந்து சொன்னார். அந்தப் போனை எடுத்தவளே நான்தான் என்று அவருக்குத் தெரியாது. எனக்கு வந்த ஆத்திரத்தில் அன்று ரொட்டி வாங்கவில்லை.

மண்டோர் வந்து மாமனாரிடம் பேசினார். நல்ல மனிதர், அதிகம் பேசாதவர். அக்காள் புருஷன் போய்விட்டார் என்று அவர் ஒரு கணம்கூடச் சந்தேகப்படவில்லை. அவருக்கு ஒரே கவலை அந்தப் பெண். கல்யாணம் நின்றால் தீட்டுக்குப் பிறகு, வருஷத்துக்குப் பிறகு என்று தள்ளிப்போகும். அதற்குள் ராசியில்லாதவள் என்று பெயர் கட்டிவிடுவார்கள். தாயும் இல்லை, தகப்பனும் இல்லை, இந்த இடமும் போனால் அவளுக்கு என்ன இருக்கிறது என்று கேட்டார். காதும் காதும் வைத்தாற்போல் வெள்ளிக்கிழமை தாலியைக் கட்டிவிடுவது, பிறகு அவளிடம் சொல்வது என்று முடிவு செய்தார்கள். சிங்கப்பூரில் கூட்டாளிகள் காரியத்தைப் பார்த்துக்கொள்வார்கள் என்றார் மாமனார். ரகசியம் என்று சொன்னார்களே தவிர, அதற்குள் அது காஜா பெராங்கில் அந்தப் பெண் ஒருத்தியைத் தவிர எல்லோருக்கும் தெரிந்திருந்தது.

மறுநாள் காலை நான் பின்பக்கம் துணி துவைத்துக்கொண்டிருந்தேன். பக்கத்து வீட்டில் ஒரு மலாக்கா செட்டி அம்மாள் இருந்தார். சாமி கும்பிடுவது நம்மைப் போலத்தான், பேச்சு முழுக்க மலாய். வேலிக்கு அந்தப் பக்கம் நின்று, உன் கண் ஏன் சிவந்திருக்கிறது என்று கேட்டார். எனக்குத் தெரிந்த மலாயில் நடந்ததைச் சொன்னேன். போன் செய்தவர் இறந்துவிட்டார் என்று சொன்னாரா என்று கேட்டார். இல்லை, கடுமையான நோய் என்றுதான் சொன்னார் என்றேன். நோய் என்றால் போய்ப் பார்க்க வேண்டியதுதானே, எதற்கு அழுகிறீர்கள் என்றார். அவர் கிண்டல் செய்யவில்லை. அவருக்கு உண்மையிலேயே விளங்கவில்லை. கையிலிருந்த சோப்பைக் கல்லின்மேல் வைத்தேன். நம் வழக்கம் தெரியாத ஒரு மனுஷிக்கு அது சாதாரணமான ஒரு வாக்கியமாகத்தான் கேட்கிறது. அந்த வாக்கியத்தைக் காதால் கேட்ட எனக்கும் அப்படித்தான் முதலில் கேட்டது.

உள்ளே போய், ஆஸ்பத்திரிக்கு ஒரு டிரங்கு கால் போட்டுக் கேட்டுவிடலாமா மாமா என்றேன். அவருக்குக் கோபம் வந்து நான் பார்த்ததில்லை, அன்று வந்தது. "எழவு வீட்டுக்குப் போன் போட்டு, உசுரோட இருக்காரான்னு கேப்பியாம்மா? நம்மாளுங்க கேக்குற கேள்வியா இது?" என்றார். நான் பாதியில் விட்ட துணிக்குத் திரும்பிப் போனேன். ஆனால் மனசுக்குள் கொதித்துக்கொண்டிருந்தேன். கேட்பது தப்பாம், கேட்காமல் ஒருவரைச் சாகடிப்பது தப்பில்லையாம்.

மத்தியானம் அந்தப் பெண்ணே வந்துவிட்டாள். கையில் நலங்கு மஞ்சள் காயவில்லை. அப்பா ஏன் இன்னும் வரவில்லை என்றுதான் கேட்பாள் என்று நினைத்தேன். அவள் அதைக் கேட்கவில்லை. "எல்லாரும் வந்து என் தலையத் தடவித் தடவிப் பாக்கறாங்க அக்கா. மருதாணி வச்சு விடறவங்க அழுவுறாங்க. நேத்து போன் வந்துச்சா?" என்றாள்.

மாமனார் நாற்காலியில் இருந்தார். கண்ணாலேயே என்னைத் தடுத்தார். எனக்கு அவரிடம் பயம் உண்டு, மரியாதையும் உண்டு. ஆனால் அந்தச் செய்தி அவருடையதும் இல்லை, என்னுடையதும் இல்லை. அவளுடைய அப்பாவைப் பற்றியது. ஊரே எடுத்துக்கொண்டு போய் வீட்டுக்கு வீடு கொடுத்துவிட்டது, சொந்தக்காரிக்கு மட்டும் கிடைக்கவில்லை. நான் கேட்ட வாக்கியத்தை, ஒரு சொல்கூட கூட்டாமல் குறைக்காமல், அவளிடம் சொன்னேன். செத்துவிட்டார் என்று யாரும் சொல்லவில்லை என்பதையும் சேர்த்துச் சொன்னேன்.

அவளும் எங்கள் பெண்தானே. சீரியஸ் என்றவுடன் முகம் செத்துப்போனது. ஆனால் விழவும் இல்லை, கத்தவும் இல்லை. மாமனார் பக்கம் திரும்பினாள்.

"பெரியப்பா, எங்கப்பா செத்துட்டாருன்னா அத நானே கேட்டுக்கறேன். போன் போடச் சொல்லுங்க," என்றாள்.

அவர் துண்டால் முகத்தைத் துடைத்துக்கொண்டார். போடு என்பதுபோல் என்னைப் பார்த்துத் தலையை ஆட்டினார்.

எக்ஸ்சேஞ்சில் பதிவு செய்துவிட்டுக் காத்திருந்தோம். அந்தக் காத்திருப்பைப் பற்றி எனக்கு இன்றும் எழுத வரவில்லை. அவள் மேசைமேல் போட்டிருந்த பூவேலைத் துணியின் ஓரத்தை மடித்து மடித்து விட்டுக்கொண்டிருந்தாள். மணி அடித்தது. ஆஸ்பத்திரி டெலிபோனில் ஒருவர், அவர் ஒரு வார்டுக்கு மாற்றினார், அங்கே அப்படி ஒருவர் இல்லை என்றார்கள். இல்லை என்ற சொல்லை நான் உரக்கத் திருப்பிச் சொல்லவில்லை. இன்னொரு வார்டுக்கு மாற்றினார்கள். ஒரு பெண் குரல் மலாயில் வந்தது. பெயரைச் சொல்லி, துறைமுகத்தில் வேலை செய்கிறவர் என்றேன். காகிதம் புரளும் சத்தம் கேட்டது.

"ஆடா, ஆடா," என்றது அந்தக் குரல். "காக்கி பாத்தா. தாடி சுடா மாக்கான் புபோர்."

இருக்கிறார், இருக்கிறார். கால் உடைந்திருக்கிறது. சற்று முன்னால் கஞ்சி சாப்பிட்டுவிட்டார்.

அதைத் தமிழில் அவளிடம் சொன்னேன். அந்தப் பெண் அப்படியே தரையில் உட்கார்ந்துவிட்டாள். "கஞ்சியா? எங்கப்பாவுக்குக் கஞ்சியே புடிக்காதே அக்கா," என்று சொல்லிச் சொல்லி அழுதாள். மாமனார் அழுதார், நானும் அழுதேன். மறுமுனையில் அந்த நர்ஸ் ஹலோ ஹலோ என்று கூப்பிட்டுக்கொண்டே இருந்தாள். ஒரு கிண்ணக் கஞ்சிக்கு இவர்கள் ஏன் இப்படி அழுகிறார்கள் என்று நினைத்திருப்பாள்.

மண்டோரைக் கூப்பிட ஓடினார்கள். வேலை உடுப்போடு வந்தார். விஷயத்தைக் கேட்டுவிட்டு எங்கள் வாசல் சாக்கடை ஓரத்தில் குந்திக்கொண்டார். நான் தண்ணீர் கொண்டுபோய்க் கொடுத்தேன். வாங்கவில்லை. "நேத்துலேருந்து அவர உள்ளுக்குள்ள பொதைச்சுட்டு நடந்துக்கிட்டிருக்கேன்மா," என்றார். "மாப்பிள்ள வீட்டுக்காரங்ககிட்ட சிரிச்சுப் பேசினேன். எப்படிச் சிரிச்சேன்னு தெரியல." அந்த மனிதர் மேல் எனக்கு இருந்த கோபம் எல்லாம் அங்கேயே போய்விட்டது. எல்லோரும் அவளைக் காப்பாற்றத்தான் நினைத்தார்கள். அவரவர் அன்புக்குத் தெரிந்த வழி அதுதான்.

சாவுச் செய்தி ரொட்டிக்காரர் சைக்கிளில் ஒரு மத்தியானத்துக்குள் போய்ச் சேர்ந்த இடங்களுக்கு, உயிரோடு இருக்கிறார் என்ற செய்தியை அனுப்புவது பெரும் பாடாகிவிட்டது. கிளேபாங்குக்கு மாமனாரே லோரியில் ஏறிப் போய்ச் சொன்னார். அங்கே மாப்பிள்ளையின் தகப்பனார், சமாதானத்துக்காகச் சொல்கிறீர்களா என்று கேட்டாராம். கஞ்சி சாப்பிட்டதைச் சொன்ன பிறகுதான் நம்பினாராம். செமாபோக்கில் ஒரு கடையில் பல மாதம் கழித்தும் மண்டோரிடம் துக்கம் விசாரித்தார்கள். நல்ல செய்திக்கு யாரும் சைக்கிள் கொடுப்பதில்லை.

வியாழக்கிழமை அந்தக் கூட்டாளி மறுபடி கூப்பிட்டார். இந்தத் தடவை லைன் தெளிவாக இருந்தது. யார் பேசறது, எங்கேருந்து என்று கேட்டு முடித்தவுடன் நான் அவரைப் பிடித்துக்கொண்டேன். கால் ஒடிந்ததற்கு சீரியஸ் என்று சொல்வீர்களா என்று கேட்டேன். பாவம், தடுமாறிப்போனார். தகப்பனார் அவரிடம் சொல்லி அனுப்பியது வேறாம். கால் ஒடிந்துவிட்டது, வர முடியாது, கல்யாணத்தை நிறுத்த வேண்டாம், நான் நன்றாக இருக்கிறேன் என்று சொல் என்பதுதான் சொல்லி அனுப்பியது. "வெறும் காலுன்னு சொன்னா யாருங்க வருவாங்க? பொண்ணு கல்யாணத்த அவரு ஒருத்தரும் இல்லாம கட்டில்ல படுத்துக்கிட்டு நினைக்கணுமா? அதான் கொஞ்சம் கூட்டிச் சொன்னேன்," என்றார்.

அவர் ஒரு படி கூட்டினார். நாங்கள் வழக்கப்படி இன்னொரு படி கூட்டினோம். இரண்டு பக்கமும் கெட்ட எண்ணம் ஒரு துளி இல்லை. நடுவில் ஒரு மனிதர் செத்துப்போனார். இதைத்தான் நான் இன்றைக்கும் அந்தக் குழுவில் பார்க்கிறேன், ஆளும் கருவியும்தான் வேறு.

கூட்டாளியே ஒரு யோசனை சொன்னார். தகப்பனாருக்கு, தாலி ஏறுவதற்கு முன்னால் மகளிடம் ஒரு வார்த்தை பேச வேண்டும். வார்டு நர்ஸ் நல்லவள், வெள்ளிக்கிழமை காலை அவரைத் தள்ளுநாற்காலியில் டெலிபோன் இருக்கும் அறைக்குக் கொண்டுவர ஒப்புக்கொண்டிருக்கிறாள். கோயிலுக்குப் புறப்படுவதற்கு முன்னால் பெண்ணைப் போன் பக்கத்தில் நிற்க வைக்க முடியுமா என்று கேட்டார். முடியும் என்றேன்.

வெள்ளிக்கிழமை விடிந்ததும் கல்யாண வீடே எங்கள் வீட்டுக்கு வந்துவிட்டது. செத்தவர் பேசப்போகிறார் என்றால் யார்தான் வீட்டில் இருப்பார்கள்? கூடம் நிறைய ஆட்கள், ஜன்னலிலும் முகங்கள். செட்டி அம்மாள் பட்டுக் கெபாயா சட்டை போட்டுக்கொண்டு வந்து, மணப்பெண்ணின் சடையில் பூ சரியாக நிற்கிறதா என்று பார்த்துக்கொண்டிருந்தார். மேளக்காரர்கள் வாசலில். மாமனார் மறுபடி வாங்கிய புது வேட்டியில், தன்னுடைய நாற்காலியில், போனுக்கு ஒரு முழம் தள்ளி உட்கார்ந்திருந்தார். ஒரு சொல் விடாமல் கேட்க வேண்டும் என்று அவருக்கு இருந்த ஆசை முகத்தில் அப்படியே தெரிந்தது.

மணி அடித்தது. எடுத்தேன். பழக்கதோஷம், "யார் பேசறது, எங்கேருந்து பேசறீங்க," என்றேன். "நான் அவ அப்பாம்மா," என்றது அந்தப் பக்கம். "டெலிபோன் நல்லா இருக்குதா?"

ரிசீவரை அவளிடம் கொடுத்தேன். "அப்பா," என்றாள். அதற்கு மேல் வரவில்லை. நிமிர்ந்து பார்த்தாள். கூடத்தில் அத்தனை முகங்கள், எல்லாம் அவள் வாயையே பார்த்துக்கொண்டிருந்தன. யாரோ, "கால் எப்படி இருக்குன்னு கேளும்மா," என்று எடுத்துக்கொடுத்தார்கள். அவள் உதட்டைக் கடித்துக்கொண்டு தலையைக் குனிந்துகொண்டாள். டிரங்கு காலில் மூன்று நிமிஷம்தான் தருவார்கள். அது ஓடிக்கொண்டிருந்தது.

மாமனார் எழுந்தார். துண்டை உதறித் தோளில் போட்டுக்கொண்டு, "எல்லாரும் வெளிய வாங்க," என்றார். யாரும் அசையவில்லை. அவர் வாயிலிருந்து அப்படி ஒரு வார்த்தையை அதுவரை யாரும் கேட்டதில்லை. "வாங்கன்னா வாங்க. அது அவங்க ரெண்டு பேரு பேச்சு," என்று முன்னால் நடந்தார். ஜன்னல்காரர்களைக் கையை வீசித் துரத்தினார். மேளக்காரர்களைச் சும்மா இருக்கச் சொன்னார். கடைசியாக நான் வெளியே வந்ததும் அவரே கதவைச் சாத்தி, அதன்மேல் முதுகைச் சாய்த்துக்கொண்டு நின்றார்.

அத்தனை பேரும் வெயிலில் பேசாமல் நின்றோம். பட்டுப்புடவைக்காரிகள், மேளக்காரர்கள், மண்டோர், செட்டி அம்மாள், எல்லோரும். மாமனார் கண்ணை மூடிக்கொண்டிருந்தார். அவர் காது கதவுக்கு எவ்வளவு பக்கத்தில் இருந்தது என்பதை நினைத்துப் பார்க்கிறேன். உள்ளேயிருந்து ஒருமுறை சிரிப்புச் சத்தம் வந்ததுபோல இருந்தது. பிறகு கதவு திறந்தது. அவள் கண் சிவந்திருந்தது, முகம் தெளிந்திருந்தது. போகலாம் அக்கா என்றாள்.

மாமனார் ஏதோ கேட்க வாயைத் திறந்தார். மூடிக்கொண்டார். மேளக்காரர்களைப் பார்த்துக் கையைக் காட்டினார்.

அவள் அன்று என்ன கேட்டாள், அவர் என்ன சொன்னார் என்று எனக்கு இன்றுவரை தெரியாது. அதற்குப் பிறகு பல வருஷம் நாற்காலி அங்கேதான் கிடந்தது, யாராவது பேச வந்தால் மாமனார் முணுமுணுத்துக்கொண்டே எழுந்து வாசலுக்குப் போவார். அந்த மூன்று நிமிஷத்தைத் தெரிந்துகொள்ளாமலேயேதான் அவரும் போய்ச் சேர்ந்தார்.